மழைப் பட்டியலை அடுக்கிக் காட்டுவது எப்படி: பிஎச்பி எழுதுபவர்களுக்கு

ஜூன் மாதம் பிறந்தால் நம் குமரி மாவட்டத்தில் காலையில் எல்லோரும் தேடுவது ஒரே பட்டியலைத்தான். நேற்று எங்கே எவ்வளவு மழை, பேச்சிப்பாறையில் எத்தனை அடி, பெருஞ்சாணி நிரம்பியதா இல்லையா. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் மறுபடியும் அதே தேடல். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ நெல் நட்டவர், குழித்துறையில் ஆற்றங்கரையை ஒட்டி வீடு வைத்திருப்பவர் என்று ஆளுக்கொரு காரணம். ஊர் நூலகத்துக்கோ விவசாயிகள் சங்கத்துக்கோ சின்னதாக ஓர் இணையதளம் நடத்துகிறவர்கள் பலர் இந்தப் பட்டியலைத் தங்கள் பக்கத்தில் போடுகிறார்கள், நல்ல வேலை, ஆனால் அது அடிக்கடி தாறுமாறாக வந்து நிற்கிறது: 9.4 மில்லிமீட்டர் 12.6-க்கு மேலே இருக்கும், குளச்சல் குழித்துறைக்கு முன்னால் இருக்கும், அளவே வந்து சேராத ஊர் மழையே இல்லாத ஊர் மாதிரி 0.0 என்று நிற்கும்.

இதைச் சரிசெய்ய டேட்டாபேஸ் எதுவும் வேண்டாம். இருபத்தைந்து முப்பது வரிகள் உள்ள பட்டியல், ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருந்து படித்து சர்வரின் நினைவகத்தில் ஓர் அரேயாக வைத்து, அங்கேயே அடுக்கி, எச்டிஎம்எல் அட்டவணையாக அனுப்பினால் போதும். நான் வலியுறுத்தப் போவது ஒன்றுதான்: நினைவகத்தில் இருக்கும்வரை எண் எண்ணாகவே இருக்க வேண்டும். மிமீ, கமா, நிறம், தடித்த எழுத்து எல்லாம் அடுக்கி முடித்த பிறகு, காட்டும் இடத்தில் மட்டும். தப்பாக வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்ததால்தான் தப்பாகின்றன.

பிஎச்பியை வைத்துச் சொல்கிறேன், மலிவான ஹோஸ்டிங் எல்லாவற்றிலும் அது இருக்கிறது என்பதால். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்குப் பின்னால் தனியாக ஒரு எச்சரிக்கை இருக்கிறது. இன்னொரு விஷயம், பிஎச்பியில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அது செல்லும். ஃபைலை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்திருந்தால் போதும். அதனால் கீழே வரும் துண்டுகளை அப்படியே எடுத்து ஒட்டலாம். எண்கள் விளக்கத்துக்காக நானே போட்டவை, எந்த நாளின் உண்மையான அளவும் இல்லை.

$மழை = [
  ['இடம்' => 'பாலமோர்', 'அளவு' => 12.6, 'பதிவு' => 1],
  ['இடம்' => 'குளச்சல்', 'அளவு' => 9.4, 'பதிவு' => 1],
  ['இடம்' => 'குழித்துறை', 'அளவு' => 12.2, 'பதிவு' => 1],
  ['இடம்' => 'மயிலாடி', 'அளவு' => 0, 'பதிவு' => 1],
  ['இடம்' => 'கொட்டாரம்', 'அளவு' => 0, 'பதிவு' => 0],
];

'பதிவு' என்ற கட்டம் எதற்கு என்று தோன்றும். மயிலாடியில் மழை பெய்யவில்லை, அது ஒரு செய்தி. கொட்டாரத்தில் இருந்து அளவு இன்னும் வரவில்லை, அது வேறு செய்தி. ஃபைலில் அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போட்டிருப்பார்கள். அதை ஃப்ளோட் ஆக, அதாவது தசம எண்ணாக, மாற்றினால் பிஎச்பி எந்தப் புகாரும் சொல்லாமல் பூஜ்யம் ஆக்கிவிடும். அதே மாதிரி 1,250 என்று கமாவோடு எழுதியிருந்தால் மாற்றும்போது வெறும் 1 ஆகிவிடும், ஏனென்றால் கமாவைக் கண்டதும் எண் முடிந்தது என்று அது நின்றுவிடுகிறது. ஆகவே படிக்கும்போதே கமாவை நீக்குங்கள், ஓரத்து இடைவெளிகளை ட்ரிம் வைத்து வெட்டுங்கள், எண் இல்லாத இடத்தில் 'பதிவு' பூஜ்யம் என்று குறியுங்கள். நல் (மதிப்பே இல்லை என்று குறிக்கும் பிஎச்பி சொல்) என்று வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் ஒப்பிடும்போது பிஎச்பிக்கு நல்லும் பூஜ்யமும் சமம். அப்போது மயிலாடியும் கொட்டாரமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

படிக்கும் இடத்தில் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத தொல்லை உண்டு. விண்டோஸ் நோட்பேடில் சேமித்த சில ஃபைல்களின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் வரியில் உள்ள ஊரின் பெயரோடு அது சேர்ந்துவிடும், திரையில் தெரியாது, ஆனால் பெயர் வாரியாக அடுக்கினால் அந்த ஓர் ஊர் மட்டும் கடைசியில் போய் உட்காரும். முதல் வரி ஊர் எப்போதும் கடைசியில் வருகிறது என்றால் இதுதான் காரணம், வேறெங்கும் தேட வேண்டாம்.

சரி, அடுக்குவோம். பிஎச்பியில் இதற்கான ஃபங்ஷன் யூசார்ட். அரேயையும் ஓர் ஒப்பீட்டையும் அதனிடம் கொடுக்க வேண்டும். இரண்டு வரிகளை, அ என்றும் ஆ என்றும், அது உங்களிடம் காட்டிக் கேட்கும்: எது முன்னால்? நீங்கள் எதிர்ம எண் தந்தால் அ முன்னால், நேர்ம எண் தந்தால் ஆ முன்னால், பூஜ்யம் தந்தால் இரண்டும் சமம். 2015-இல் வந்த பிஎச்பி 7-இல் இருந்து இதற்கென்றே ஒரு குறி இருக்கிறது, விண்கலம் மாதிரி இருப்பதால் ஸ்பேஸ்ஷிப் என்று பெயர். உங்கள் ஒப்பீடு திருப்பித் தர வேண்டியது இது:

$ஆ['அளவு'] <=> $அ['அளவு']

ஆ இடப்பக்கம் இருந்தால் இறங்குவரிசை, அதாவது அதிக மழை மேலே. அ இடப்பக்கம் இருந்தால் ஏறுவரிசை. அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் குறியை விட்டுவிட்டுக் கழித்தல் போட்டு எழுதும் பழக்கம் இன்னும் பல பழைய பாடங்களில் இருக்கிறது, நம் மழைப் பட்டியலுக்கு அது நேராகவே ஆபத்து. பாலமோர் 12.6, குழித்துறை 12.2, கழித்தால் 0.4. யூசார்ட் அந்த விடையை முழு எண்ணாக வெட்டிக்கொள்ளும், 0.4 பூஜ்யம் ஆகிவிடும், இரண்டும் சமம் என்று முடிவு செய்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான வித்தியாசம் உள்ள ஊர்கள் எல்லாம் கண்டபடி நிற்கும், முழு எண்களை வைத்துச் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. பெரியதா என்று மட்டும் கேட்டு ஆம் இல்லை என்று விடை தருவதும் அப்படித்தான். அதற்கு பிஎச்பி 8 எச்சரிக்கையே காட்டும்.

யூசார்ட் பற்றி இன்னும் இரண்டு தகவல். முதலாவது, அது அரேயை இருந்த இடத்திலேயே மாற்றும், புதிய பட்டியலைத் திருப்பித் தராது. திருப்பித் தருவதை மறுபடி அதே மாறியில் போட்டால் பட்டியல் போய் வெறும் ட்ரூ மட்டும் கையில் நிற்கும், பக்கம் காலியாக வரும். இரண்டாவது, அது சாவிகளை அழித்து 0, 1, 2 என்று புதிதாக எண் போட்டுவிடும். ஊர்ப் பெயரையே சாவியாக வைத்து, எதிரே அளவை மட்டும் எழுதியிருந்தால், அடுக்கி முடித்ததும் ஊர்ப் பெயர்கள் காணாமல் போயிருக்கும். அப்படிப்பட்ட அரேக்கு யூஏசார்ட், அல்லது வெறும் மதிப்புகள் என்றால் ஏசார்ட். நான் மேலே காட்டியது போல ஊர்ப் பெயரையும் வரிக்குள் ஒரு கட்டமாகவே வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

இப்போது 9.4 எப்படி 12.6-க்கு மேலே போகிறது என்று பார்ப்போம். பிஎச்பி கொஞ்சம் தாராளமானது. "9.4", "12.6" என்று எழுத்துச் சரமாகவே இருந்தாலும், இரண்டுமே எண் போல இருந்தால் எண்ணாகவே ஒப்பிடும். ஆனால் "9.4 மிமீ" என்று ஒட்டிவிட்டால் அது எண் இல்லை, எழுத்து. எழுத்தாக ஒப்பிட்டால் 9 என்பது 1-க்குப் பிறகு வரும், எனவே 9.4 பெரியதாகிவிடும். படிக்கும்போதே அழகாக இருக்கட்டும் என்று மிமீ சேர்த்து வைத்தவர்களுக்கு வருவது இந்த வினை. வார்டு வாரியாகப் பட்டியல் போடுபவர்களுக்கும் இதே கதை, நாகர்கோவில் மாநகராட்சியில் 52 வார்டுகள், "வார்டு 10" என்பது "வார்டு 2"-க்கு முன்னால் வந்து நிற்கும். எண்ணைத் தனிக் கட்டமாக வையுங்கள், வார்டு என்ற சொல்லைக் காட்டும்போது சேருங்கள்.

எதை வைத்து அடுக்குவது என்பது நிரலை விட முக்கியமான கேள்வி. அணைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

$அணைகள் = [
  ['பெயர்' => 'பேச்சிப்பாறை', 'மட்டம்' => 43.2, 'முழு' => 48],
  ['பெயர்' => 'பெருஞ்சாணி', 'மட்டம்' => 61.6, 'முழு' => 77],
  ['பெயர்' => 'மாம்பழத்துறையாறு', 'மட்டம்' => 54.12, 'முழு' => 54.12],
  ['பெயர்' => 'சிற்றாறு 1', 'மட்டம்' => 15.3, 'முழு' => 18],
];

மட்டம் நான் போட்டது, முழு உயரம் உண்மையானது. பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77, மாம்பழத்துறையாறு 54.12, சிற்றாறு அணைகள் தலா 18. இதை அடிக்கணக்கில் இறங்குவரிசையாக அடுக்கினால் பெருஞ்சாணி முதலில் வரும், சிற்றாறு கடைசியில். பார்ப்பவர் பெருஞ்சாணிதான் நிரம்பி வழிகிறது என்று நினைப்பார். உண்மையில் மாம்பழத்துறையாறு முழுதாக நிரம்பிவிட்டது, பேச்சிப்பாறை 90 சதவீத உயரத்தில் நிற்கிறது, பெருஞ்சாணி 80-தான். எனவே ஒப்பீட்டில் மட்டத்தை முழு உயரத்தால் வகுத்துப் போடுங்கள்:

($ஆ['மட்டம்'] / $ஆ['முழு']) <=> ($அ['மட்டம்'] / $அ['முழு'])

இப்போது மாம்பழத்துறையாறு, பேச்சிப்பாறை, சிற்றாறு 1, பெருஞ்சாணி என்று வரும். முதலில் இருந்த பெருஞ்சாணி கடைசிக்குப் போய்விட்டது பாருங்கள். பேச்சிப்பாறையில் உபரி நீர் திறந்தால் கோதையாற்றில் வெள்ளம் கூடும், திற்பரப்பில் குளிக்கத் தடை போடுவார்கள், கீழே குழித்துறை வரைக்கும் ஆற்றங்கரைக்காரர்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள். இப்படிப்பட்ட தகவலில் வரிசை தப்பினால் அது வெறும் அழகுக் குறை இல்லை. நெடுவரிசைத் தலைப்பில் கவனம் வேண்டும்: இது உயரத்தின் சதவீதம், தண்ணீரின் சதவீதம் இல்லை. அணையின் நீர்த்தேக்கம் மேலே போகப்போக அகலும் என்பதால் கடைசிச் சில அடிகளில் இருக்கும் தண்ணீர் அடியில் உள்ள சில அடிகளை விட மிக அதிகம். "நிரம்பியது 90%" என்று போடாமல் "உயரத்தில் 90%" என்று போடுங்கள்.

ஒரே அளவு இரண்டு ஊருக்கு வந்தால்? மழை இல்லாத நாளில் பாதி மாவட்டம் 0.0 தான். அப்போது சமமானவை எந்த வரிசையில் நிற்கும் என்பது பிஎச்பி பதிப்பைப் பொறுத்தது. 8.0-இல் இருந்து சமமானவை முன்பு இருந்த வரிசையிலேயே நிற்கும் என்பது உறுதி. அதற்கு முந்தைய 7-ஆம் பதிப்புகளில் அந்த உறுதி கிடையாது, ஆனால் 16 வரிகளுக்குள் இருந்தால் உள்ளே அது செருகல் முறையில் அடுக்குவதால் வரிசை குலையாமலே வரும். அதனால் பத்து ஊரை வைத்துச் சோதித்தால் சரியாக இருக்கும், இருபத்தைந்து ஊரையும் போட்டதும் குழம்பும், சோதித்தவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். பழைய சர்வரில் இருப்பவர்கள் பதிப்பை நம்பாமல் இரண்டாவது நிபந்தனையை நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டு சிறிய அரேக்களை ஒப்பிட்டால் பிஎச்பி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும், அதைப் பயன்படுத்தினால் எல்லாம் ஒரே வரியில் முடிந்துவிடும்:

[$ஆ['பதிவு'], $ஆ['அளவு'], $அ['அடுக்கெண்']] <=> [$அ['பதிவு'], $அ['அளவு'], $ஆ['அடுக்கெண்']]

பதிவு வந்த ஊர்கள் மேலே, அவற்றுக்குள் அதிக மழை மேலே, அதிலும் சமமானால் பெயர் வரிசை. பெயருக்கு இறங்குவரிசை வேண்டாம் என்பதால் மூன்றாவது உறுப்பில் மட்டும் அ-வும் ஆ-வும் இடம் மாறியிருப்பதைக் கவனியுங்கள்.

அந்த 'அடுக்கெண்' என்ன? பெயரை நேரடியாக ஒப்பிட்டால் ஆகாதா? ஆகாது. தமிழில் எழுதுபவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நம் அகரவரிசையில் அடுக்கப்படவில்லை. நமக்கு ய ர ல வ ழ ள ற ன. யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து, ள என்பது ழ-வுக்கு முன்னால், வ எல்லாவற்றுக்கும் பிறகு. கம்ப்யூட்டர் அந்த எண்களை மட்டுமே பார்த்து ஒப்பிடும். முதல் எழுத்தில் பிழை பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் ழ, ள, ற, ன ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை. பாலமோர், பூதப்பாண்டி, பெருஞ்சாணி, பேச்சிப்பாறை எல்லாம் சரியாகவே வந்து நம்மை நம்ப வைத்துவிடும். பிழை சொல்லின் நடுவில் ஒளிந்திருக்கும். குழித்துறைக்கு முன்னால் குளச்சல் வரும். களியலுக்கு முன்னால் கன்னிமார் வரும். கருங்கலுக்கு முன்னால் கன்னியாகுமரி வரும். மாவட்டத்தின் பெயரே தப்பான இடத்தில்!

புள்ளி இன்னொரு சிக்கல். அகராதியில் ண் என்பது ண-வுக்கு முன்னால். யூனிகோடில் புள்ளி என்பது எழுத்துக்குப் பின்னால் வரும் தனிக் குறி, அதன் எண் எல்லா மெய், உயிர்மெய்க் குறிகளையும் விடப் பெரியது. எனவே மண்டைக்காடு மணவாளக்குறிச்சிக்குப் பின்னால் தள்ளப்படும், நம் வரிசைப்படி அது முன்னால் இருக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழி. முதல் வழி, பிஎச்பியின் இன்ட்ல் எக்ஸ்டென்ஷனில் உள்ள, மொழிக்கேற்ற வரிசையில் ஒப்பிடும் கொலேட்டர். அதற்குத் தமிழ், இந்தியா என்ற இடக்குறியைக் கொடுத்தால் ழ, ள, ற, ன எல்லாம் தங்கள் இடத்துக்கு வந்துவிடும். ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையில் அந்த எக்ஸ்டென்ஷனை இயக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இயக்கியிருந்தால் மேலே சொன்ன ஊர் ஜோடிகளை வைத்துச் சோதியுங்கள், முக்கியமாக மண்டைக்காடும் மணவாளக்குறிச்சியும்.

இரண்டாவது வழி நாமே செய்வது, எனக்கு இதுதான் பிடிக்கும், எந்த எக்ஸ்டென்ஷனையும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கப் போகிறோம். அ முதல் ஔ வரை 0 முதல் 11. ஃ 12. அப்புறம் மெய்யெழுத்து 18-ஐயும் க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்ற வரிசையில் 1 முதல் 18 வரை எண்ணி, அந்த எண்ணை 13-ஆல் பெருக்குங்கள். புள்ளி வைத்த எழுத்துக்கு அதோடு 0, அகரம் ஏறியதற்கு 1, ஆகாரத்துக்கு 2, இகரத்துக்கு 3, இப்படியே ஔகாரத்துக்கு 12 கூட்டுங்கள். க் 13, க 14, கா 15. கடைசி எழுத்தான னௌ 246. பூஜ்யத்தில் தொடங்கி 246, மொத்தம் 247, பள்ளிக்கூடத்தில் படித்த அதே 247 எழுத்து. ஒன்றுகூட மிச்சமில்லாமல், ஒன்றோடொன்று மோதாமல் வந்து விழுகிறது. ஜ ஶ ஷ ஸ ஹ ஐந்தையும் 19 முதல் 23 என்று தொடர்ந்தால் ஜாவும் ஸ்ரீயும் உள்ள பெயர்களுக்கும் இடம் கிடைத்துவிடும். சிற்றாறு 1, சிற்றாறு 2 என்று எண் வரும் பெயர்களுக்கு 901, 902 என்று கொடுத்தால் போதும், இடைவெளியை விட்டுவிடலாம்.

களியல் என்பதை இப்படி மாற்றினால் 014-211-144-169. கன்னிமார் 014-234-237-132-156. இரண்டாம் இடத்தில் 211, 234, ஆகவே களியல் முன்னால். மண்டைக்காட்டில் ண் 078, மணவாளக்குறிச்சியில் ண 079, ஆகவே மண்டைக்காடு முன்னால்.

ஒவ்வொரு எண்ணையும் மூன்று இலக்கமாக்க வேண்டும், நடுவில் கோடு கட்டாயம் வேண்டும். கோடு போடாமல் சேர்த்து எழுதினால் அது முழுக்க இலக்கமாகிவிடும், பிஎச்பி அதை எண் என்று நினைத்து எண்ணாகவே ஒப்பிடும், அப்போது குறைந்த எழுத்துள்ள ஊர் எல்லாம் முன்னால் ஓடிவிடும். முன்பு நமக்கு உதவிய தாராளம் இங்கே கெடுக்கும். கோடு இருந்தால் அது எழுத்துச் சரம், ஒழுங்காக இடமிருந்து வலமாக ஒப்பிடப்படும்.

பெயரை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும்போது எம்பி ஸ்டர் ஸ்ப்ளிட் போதாது, அது மா என்பதை ம தனியாகவும் கால் தனியாகவும் உடைக்கும். பிஎச்பி 8.4-உம் இன்ட்ல் எக்ஸ்டென்ஷனும் இருந்தால் கிராஃபீம் ஸ்டர் ஸ்ப்ளிட் இருக்கிறது. அவை இல்லையென்றால் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்வுக்கோடும் பெரிய எக்ஸும், கூடவே யூ என்ற குறிப்பும் போட்டால் முழு எழுத்தாகப் பிரித்துத் தரும். பிரிப்பதற்கு முன்னால் நார்மலைஸ் செய்யவும் மறக்காதீர்கள். கொட்டாரத்தின் முதல் எழுத்தான கொ-வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும், ஒரே குறியாகவும், கொம்பும் காலும் தனித்தனியாகவும். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சொல். பழைய எழுத்துருக்களில் இருந்து மாற்றிய ஃபைல்களில் இது நிறைய வரும். நார்மலைசர் அதே இன்ட்ல் எக்ஸ்டென்ஷனில்தான் இருக்கிறது, அது இல்லையென்றால் கொ, கோ, கௌ மூன்று வகைக் குறிகளுக்கும் ஸ்டர் ரீப்ளேஸ் போட்டு ஒட்டிவிடுங்கள், மூன்றே மாற்றம்தான்.

இந்த அடுக்கெண்ணை ஒப்பீட்டுக்குள் கணக்கிடாதீர்கள், ஃபைலைப் படிக்கும்போதே ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டமாக எழுதிவிடுங்கள். ஒப்பீடு ஒரே ஊருக்குப் பலமுறை ஓடும், ஒவ்வொரு முறையும் பெயரை உடைத்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

அடுத்து, பார்ப்பவர் தலைப்பைச் சொடுக்கி வரிசையை மாற்றுவது. மழை கொட்டிய நாளில் அதிக மழை எங்கே என்று பார்க்க ஆசைப்படுவார்கள், ஆனால் தன் ஊரை மட்டும் தேடுகிறவருக்குப் பெயர் வரிசைதான் வசதி. இரண்டும் கொடுங்கள். முகவரியில் நெடுவரிசையின் பெயரை அனுப்பாமல் எண்ணை அனுப்புங்கள், தமிழ் எழுத்து முகவரிக்குள் போனால் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக நீளும், வாட்ஸாப்பில் பகிர்ந்தால் பார்க்கச் சகிக்காது. வந்த எண்ணை முழு எண்ணாக மாற்றிவிட்டு, அனுமதித்த பட்டியலில் மட்டும் தேடுங்கள்:

$நெடுவரிசைகள் = [1 => 'அடுக்கெண்', 2 => 'அளவு'];
$தேர்வு = $நெடுவரிசைகள்[$கேட்டது] ?? 'அளவு';

யாராவது 99 என்று அனுப்பினாலும் அளவு வாரியாகவே வரும், பக்கம் உடையாது. வெளியில் இருந்து வரும் சொல்லை நேராக அரேயின் சாவியாகப் பயன்படுத்தவே கூடாது. திசையை 1 அல்லது -1 ஆக வைத்துக்கொண்டால் ஒப்பீடு இப்படி:

($ஆ['பதிவு'] <=> $அ['பதிவு']) ?: $திசை * ($அ[$தேர்வு] <=> $ஆ[$தேர்வு])

திசை எதுவானாலும் அளவு வராத ஊர்கள் அடியிலேயே இருக்கும், அதுதான் வேண்டும். ஏறுவரிசை கேட்டவருக்கு முதல் ஐந்து வரியும் "வரவில்லை" என்று காட்டினால் யாருக்குப் பயன்?

காட்டும் இடத்துக்கு வந்துவிட்டோம். நம்பர் ஃபார்மட் வைத்து எல்லா அளவுக்கும் ஒரு தசம இலக்கம் கொடுங்கள், 12 என்றும் 12.6 என்றும் கலந்து வந்தால் கண் தடுமாறும். எண்களை வலப்பக்கம் ஒட்டி வையுங்கள், மில்லிமீட்டர் என்பதைத் தலைப்பில் ஒருமுறை சொன்னால் போதும், வரிக்கு வரி வேண்டாம். பதிவு இல்லாத இடத்தில் "வரவில்லை" என்று எழுதுங்கள். ஊர்ப் பெயரை எச்டிஎம்எல் ஸ்பெஷல்சார்ஸ் வழியாகவே வெளியே விடுங்கள், உங்கள் ஃபைல்தானே என்று விடாதீர்கள், நாளைக்கு வேறொருவர் அதில் எழுதுவார். முதல் நெடுவரிசையில் 1, 2, 3 என்று இடம் போடுகிறீர்கள் என்றால், சமமான அளவுள்ள ஊர்களுக்கு ஒரே இடத்தைக் கொடுங்கள். அதை அடுக்கிய பிறகு, முந்தைய வரியின் அளவோடு ஒப்பிட்டுக்கொண்டே எழுதலாம்.

தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல சர்வர்கள் யூடிசி நேரத்தில் ஓடும், நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். ஆக, விடியற்காலை 5.30 வரைக்கும் உங்கள் பக்கம் நேற்றைய தேதியையே காட்டும், சரியாக மீனவரும் பால்வெட்டுகிறவரும் எழுந்து பார்க்கும் நேரம் அது. நேர மண்டலத்தை ஆசியா, கொல்கத்தா என்று ஆரம்பத்திலேயே அமைத்துவிடுங்கள்.

பிஎச்பியில் இந்த அரே ஒரு பக்கத்தை உருவாக்கும்வரைதான் உயிரோடு இருக்கும். அடுத்தவர் வந்தால் ஃபைல் மறுபடி படிக்கப்பட்டு, மறுபடி அடுக்கப்படும். முப்பது வரிக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோடிலோ பைத்தானிலோ எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். அங்கே பட்டியலை நிரலின் மேல்மட்டத்தில் வைத்தால் அது எல்லா வருகையாளருக்கும் பொதுவானது. ஒருவர் பெயர் வரிசை கேட்க, நீங்கள் இருந்த இடத்திலேயே அடுக்கிவிட்டால், அடுத்தவருக்கும் அந்த வரிசையே போகும். பைத்தானில் லிஸ்ட்டோடு வரும் சார்ட்டை விட்டு சார்ட்டட் பயன்படுத்துங்கள், அது புதிய பட்டியலைத் தரும். ஜாவாஸ்கிரிப்டில் சார்ட் அதே இடத்தில் மாற்றும், புதிய பதிப்புகளில் டூசார்ட்டட் இருக்கிறது, இல்லையென்றால் நகல் எடுத்து அடுக்குங்கள். ஜாவாஸ்கிரிப்ட் சார்ட்டுக்கு ஒப்பீட்டைக் கொடுக்காமல் விட்டால் எண்களையும் எழுத்தாக மாற்றித்தான் ஒப்பிடும், 1, 10, 9 என்று வரும்.

இந்த முறை ஒரு நாளின் பட்டியலுக்கு, ஒரு மாதத்துக்குக்கூடத் தாராளமாகப் போதும். பத்து வருட மழையையும் சேர்த்துக் காட்ட ஆசைப்பட்டால், 25 மழைமானி நிலையம், வருடத்துக்கு 365 நாள் என்று தொண்ணூறாயிரம் வரியைத் தாண்டிவிடும். அதை ஒவ்வொரு வருகைக்கும் நினைவகத்தில் ஏற்றி அடுக்குவது சர்வருக்குச் செய்யும் கொடுமை. அப்போது எஸ்க்யூலைட் போன்ற ஒரு சிறிய டேட்டாபேஸில் போட்டு, அடுக்குகிற வேலையை அதனிடமே விடுங்கள், அடுக்கெண் கட்டத்தையும் அங்கே ஒரு நெடுவரிசையாகச் சேமித்து அதற்கு இன்டெக்ஸ் போட்டுவிடுங்கள், தமிழ் வரிசை அங்கேயும் சரியாக வரும்.